பழைய மாணவர் சங்கத் தளம்: ஹோஸ்டிங் உள்ளூரிலா, வெளிநாட்டிலா?

லயத்துவீடு (சுங்கை சிப்புட்)
வணக்கம். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. போன தீபாவளிக்கு முன்னால் காணாமல் போய்விட்டது. தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கு முதல் வருஷம் 60 வெள்ளி (ரிங்கிட்), புதுப்பிக்க 280 வெள்ளி. அந்த பில் போனது தளத்தைச் செய்து கொடுத்த தம்பியின் மின்னஞ்சலுக்கு. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், பார்க்கவே இல்லை. கெடு முடிந்ததும் நிறுவனம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. லயங்களை இடித்து அங்கே செம்பனை நட்டாகிவிட்டது. அந்த வீடுகளின் படங்களில் பாதி அந்தத் தளத்தில் மட்டும்தான் இருந்தன. மிஞ்சிய 1,400 படங்கள் என் கணினியில் உள்ளன. வருஷத்துக்கு 250 வெள்ளி வரை சங்கம் கொடுக்கும். யாரை நம்பிக் கொடுக்கலாம்?

கணினிக்கடை (சுங்கை சிப்புட்)
அக்கா, உள்ளூர் நிறுவனம்தான் சரி. தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியான சர்வர் சைபர்ஜெயாவில் இருந்தால் நம் ஊரிலிருந்து தகவல் போய்த் திரும்ப சில மில்லி விநாடி போதும். அமெரிக்காவில் இருந்தால் 200க்குக் கிட்ட ஆகும். ஒரு பக்கம் திறக்கவே அந்தப் பயணம் பல தடவை நடக்கிறது. அப்புறம், தளம் படுத்துவிட்டால் போன் போட்டு மலாயில் பேசலாம். எஃப்பிஎக்ஸில் (வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில் நேராகக் கட்டும் வழி) வெள்ளியாகக் கட்டலாம், டாலர் ஏறினாலும் பில் ஏறாது.

செம்பனைக்காடு (தெலுக் இந்தான்)
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்காவின் தளம் மெதுவாக இருந்ததால் அழியவில்லை. வேகம்தான் குறை என்றால் படங்களின் நகலைப் பல ஊர்ச் சர்வர்களில் வைக்கும் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தைத் தளத்துக்கு முன்னால் வைத்தால் போதும், படங்கள் பார்க்கிறவருக்கு அருகில் உள்ள சர்வரிலிருந்து வரும். உள்ளூர் என்று பெயர் போட்டவர்களில் சிலர் பெரிய நிறுவனத்திடம் இடம் வாங்கி மறுவிற்பனை செய்பவர்கள். அவர் கடையை மூடினால் யாருக்குப் போன் போடுவது?

தளம் 99.9% நேரம் இயங்கும், உறுதி என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் தளம் படுத்துக் கிடந்தாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. அதைத் தாண்டினாலும் பெரும்பாலும் அடுத்த பில்லில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

கணினிக்கடை
தம்பி, நீங்கள் விஷயம் தெரிந்தவர், சமாளித்துக்கொள்வீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவரின் மளிகைக்கடைத் தளத்தில் யாரோ புகுந்து சூதாட்டப் பக்கங்களை ஏற்றிவிட்டார்கள். ஹோஸ்டிங் செய்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு டிக்கெட் (இணையவழிப் புகார்) போட்டோம். மூன்று நாள் பதிலே இல்லை. அந்த மூன்று நாளும் அவர் கடையின் பெயரைத் தேடியவர்களுக்கு அந்தப் பக்கங்கள்தான் வந்தன. ஆள் பேசக் கிடைப்பது சின்ன விஷயமா? நல்ல உள்ளூர் நிறுவனங்கள் தினமும் பேக்கப்பும் (தளத்தின் காப்பு நகல்) எடுக்கின்றன.

செம்பனைக்காடு
எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டீர்களா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. ஒரு கட்டடம் முழுதாகப் போனது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் பல வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஐரோப்பாவின் பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. ஹோஸ்டிங்காரரின் பேக்கப் அவருடைய வசதிக்கு. நம்முடையது நம் கையில் இருக்க வேண்டும்.

லயத்துவீடு
ஓர் இடத்தில் "அன்லிமிடெட்" என்று போட்டிருக்கிறதே, 1,400 படத்துக்கு அது போதுமா?

கணினிக்கடை
அந்தச் சொல்லை நம்ப வேண்டாம், அக்கா. கோப்புகளின் எண்ணிக்கைக்குத் தனியாக வரம்பு வைத்திருப்பார்கள், விதிமுறையில் ஐநோட் என்று இருக்கும். தளம் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு பெரிய படத்தை ஏற்றினால் அது பல அளவுகளில் நகல் எடுத்து எட்டுக் கோப்பு வரை ஆக்கிவிடும். உங்கள் படங்களுக்கே சுமார் 11,000 கோப்பு. அந்த எண்ணைச் சொல்லித் தாங்குமா என்று கேளுங்கள்.

பேக்கப் பற்றித் தம்பி சொன்னதை ஏற்கிறேன். டொமைனையும், அதாவது தளத்தின் முகவரிப் பெயரையும், சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். சங்கப் பதிவிலாகாவின் பதிவு இருந்தால் டாட் ஓஆர்ஜி டாட் மை (.org.my) என்று முடியும் முகவரி கேட்கலாம். ஹோஸ்டிங்கை எங்கே மாற்றினாலும் முகவரி உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் உள்ளூர்தான் என்பதில் நான் மாறவில்லை.

செம்பனைக்காடு
நானும் மாறவில்லை. டொமைன் விஷயத்தில் மட்டும் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு.

லயத்துவீடு
செயற்குழுவில் பேசினோம். எங்கள் பொருளாளருக்கு 68 வயது. பிரச்சினை என்றால் அவர் போனில்தான் பேசுவார், அதனால் உள்ளூர், வருஷம் 180 வெள்ளி. 11,000 கோப்பு தாங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கியாகிவிட்டது. ஒன்று என்னிடம், இன்னொன்று ஈப்போவில் பொருளாளர் மகள் வீட்டில்.

செம்பனைக்காடு
அடுத்த வருஷம் புதுப்பிக்கும் விலை?

லயத்துவீடு
கேட்டிருக்கிறேன், தம்பி. அதையும் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் வரவில்லை.

கணினிக்கடை
வரும்வரை பணம் கட்டாதீர்கள், அக்கா.