மூன்று வருடக் கடை ஒப்பந்தம் கையில் இருக்கிறது, கட்டடம் விலைப்படுகிறது. எழும்பத்தான் வேண்டுமா?

திருநெல்வேலிச்சந்தி:
வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் போட்டோகொப்பி, பிரிண்டிங் கடை நடத்துகிறேன். உரிமையாளர் கனடாவில், அவருடைய மச்சான்தான் அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) இங்கே எல்லாம் பார்க்கிறார். போன ஆவணியில் மூன்று வருடத்துக்கு என்று ஒப்பந்தம் எழுதி, ஆறு இலட்சம் முற்பணமும் கொடுத்து, ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கையெழுத்து வைத்தோம். முத்திரை ஒட்டியிருக்கிறது, சீல் குத்தியிருக்கிறது, இரண்டு சாட்சி இருக்கிறது. இப்போது கட்டடத்தை வாங்கப்போகிறேன் என்று ஒருவர் நேரே கடைக்கு வந்து, "அடுத்த மாதக் கடைசிக்குள் எழும்புங்கோ, உங்களிட்ட இருக்கிறது வெறும் பேப்பர்" என்கிறார். மச்சான்காரர் போன் எடுக்கிறார் இல்லை. அந்த ஆள் சொல்வது உண்மையா, அல்லது வெருட்டுகிறாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_ரவி:
நான் சென்னை. இங்கே நோட்டரி முத்திரை வாங்கிய வாடகை ஒப்பந்தத்தை வைத்துத்தான் பாதிப் பேர் காலம் ஓட்டுகிறார்கள், 11 மாதத்துக்கு எழுதி அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போவார்கள். உங்களிடம் வக்கீல் சீலும் சாட்சியும் இருக்கும்போது எப்படி வெறும் பேப்பர் ஆகும்? பயப்படாதீர்கள், தைரியமாக இருங்கள்.

பழைய_இடாப்பு:
ரவி தம்பி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அது இந்தியக் கணக்கு, இங்கே எடுபடாது. அங்கே நோட்டரி என்பவர் கையெழுத்தை உறுதிப்படுத்துகிறவர், காணி கைமாறுவது சார்பதிவாளர் அலுவலகத்தில். இங்கே இலங்கையில் நொத்தாரிசு, அதாவது காணி உறுதிகளை (பத்திரங்களை) எழுதி அத்தாட்சிப்படுத்த அனுமதி பெற்றவர், இல்லாமல் காணி அசையாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அறுதி (முழு விற்பனை), ஈடு (அடமானம்), விற்கிறேன் என்று எழுதும் உடன்படிக்கை, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, எதுவாக இருந்தாலும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கக் கையெழுத்து வைக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அதற்குப் பெறுமதி இல்லை. 11 மாத விளையாட்டெல்லாம் இங்கே இல்லை, எல்லைக்கோடு ஒரு மாதம்தான்.

அதனால் திருநெல்வேலித் தம்பி, நீர் முதலில் அந்தச் சீலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாரும். உறுதி இலக்கம் இருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் "இன்னார் எனக்கு அறிமுகமானவர், என் முன்னிலையில் வாசித்து விளக்கி ஒப்பமிட்டார்" என்ற மாதிரி நீளமான அத்தாட்சி ஒன்று நொத்தாரிசின் கையெழுத்தோடு இருக்கிறதா?

திருநெல்வேலிச்சந்தி:
ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சீலில் "சட்டத்தரணி, சத்தியப்பிரமாண ஆணையாளர்" என்று மட்டும் இருக்கிறது. இலக்கம் இல்லை. நீங்கள் சொன்ன அத்தாட்சியும் இல்லை, "என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது" என்று ஒரு வரிதான். ஆனால் அவருடைய பலகையில் பிரசித்த நொத்தாரிசு என்றும் போட்டிருக்கிறதே?

பழைய_இடாப்பு:
பலகையில் மூன்றும் இருக்கும், எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைத்தார் என்பதுதான் விஷயம். நொத்தாரிசாக எழுதியிருந்தால் இலக்கம் விழுந்திருக்கும், ஒரு பிரதி அவரிடம் நிரந்தரமாக இருக்கும், இரட்டைப்பிரதி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உம்முடையது அப்படி நடக்கவில்லை. நொத்தாரிசுச் செலவையும் முத்திரைத் தீர்வையையும் மிச்சம்பிடிக்க உரிமையாளர் பக்கம் இப்படிக் கேட்பது நான் வேலையில் இருந்த காலத்திலேயே வழக்கம், கடைக்காரருக்கு யாரும் விளக்குவதில்லை.

ஆக மூன்று வருடம் என்ற பேச்சை அந்தப் பேப்பரை வைத்து நிலைநாட்ட முடியாது. அதற்காக நீர் அத்துமீறிக் குடியிருப்பவர் ஆகிவிடவில்லை. வாடகை கொடுக்கிறீர், அவர்கள் வாங்குகிறார்கள், ஆகவே மாத வாடகைக்காரர். கட்டடம் கைமாறினாலும் வாங்கினவர் உம்முடைய வாடகை உறவோடு சேர்த்துத்தான் வாங்குகிறார், இங்கே பொதுச் சட்டமாக இருக்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில் விற்பனை வாடகையை முறிக்காது. அவர் முறைப்படி ஒரு மாத அறிவித்தல் தரவேண்டும், அதற்குப் பிறகும் நீர் போகாவிட்டால் வழக்குப் போட்டுத்தான் எழுப்பலாம். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் உம்முடைய கட்டடத்துக்குப் பொருந்தினால் அறிவித்தல் மட்டும் போதவும் போதாது, ஆனால் அது கட்டடத்தின் வயது, வருடாந்தப் பெறுமதி என்று பலதைப் பொறுத்தது, கடுதாசிகளோடு ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேளும்.

கொக்குவில்_கீதா:
ஒன்று சேர்க்கிறேன். இரவோடு இரவாகப் பூட்டை மாற்றினால் சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி, அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் விஷயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே உறுதி யாருடையது என்று தோண்டமாட்டார்கள், யார் இருந்தது, யார் பலவந்தமாக வெளியேற்றப்பட்டது என்றுதான் பார்ப்பார்கள். வெளியேற்றியது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்ததாக இருக்கவேண்டும், இழுத்தடித்தால் போச்சு. எங்கள் மாமாவுக்குக் கடை திரும்பக் கிடைத்தது இப்படித்தான்.

முற்பணத்தை நினைத்தும் கவலைப்படாதீர்கள். குத்தகை செல்லாவிட்டாலும் ஆறு இலட்சம் வாங்கினது பொய்யாகாது, அந்தப் பேப்பரே அதற்குச் சாட்சி. கிழித்து எறிந்துவிட வேண்டாம்!

மடிப்பாக்கம்_ரவி:
சரி, இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் தமிழ்நாட்டிலும் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகு, வாடகை ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் தெருமுனை நோட்டரியிடம் போகிற பழக்கம் விட்டபாடில்லை. ஒரு சந்தேகம்: விற்பனை இன்னும் முடியவில்லை என்றால் இப்போதே சரியான முறையில் எழுதிக்கொள்ள முடியாதா?

பழைய_இடாப்பு:
அதைத்தான் நான் அடுத்ததாகச் சொல்ல வந்தேன். தம்பி, அந்தக் கட்டடத்துக் காணியின் உறுதி இலக்கமோ பதிவு விபரமோ தெரிந்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தேடிப் பாரும். அறுதி ஏற்கனவே பதிந்தாயிற்றா என்பது அங்கே தெரியும். பதியாவிட்டால் மச்சான்காரரைப் பிடித்து, நொத்தாரிசு முன் குத்தகை உறுதி எழுதி, உடனே பதிவுக்குக் கொடுக்கப்பாரும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி முந்திப் பதிந்தவருக்குத்தான் முன்னுரிமை. எழுதிவிட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தால் பிந்தி வந்து முந்திப் பதிகிறவர் உம்மைத் தாண்டிப் போய்விடுவார். இரட்டைப்பிரதி பதிவகத்துக்குப் போவது வேறு, உறுதியைப் பதிவது வேறு, இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

அற்றோணித் தத்துவத்தையும் வாங்கி வாசியும். வாடகை சேர்க்க மட்டும் அதிகாரம் கொடுத்திருந்தால் அவரால் குத்தகை எழுத முடியாது.

பிரம்ரன்_வாசி:
உரிமையாளர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நானும் இங்கே கனடாவிலிருந்து ஊரில் கடை வாடகைக்கு விட்டவன்தான். பல நேரம் மச்சான், மருமகன் என்ன எழுதினார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. உரிமையாளரின் நம்பரைத் தேடி நேரே கதையுங்கள், முற்பணம் வாங்கின கதையே அவருக்குப் புதிதாக இருக்கலாம்.

திருநெல்வேலிச்சந்தி:
எல்லோருக்கும் நன்றி. பதிவகத்தில் பார்த்தேன், அறுதி இன்னும் பதியப்படவில்லை. பிரம்ரன் அண்ணா சொன்னது போலவே உரிமையாளருக்கு மூன்று வருடப் பேச்சுத் தெரிந்திருக்கவில்லை. கதைத்துக் கதைத்து, ஒன்றரை வருடத்துக்குக் குத்தகை உறுதி எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார், வாங்குபவருக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்த ஆள் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை.

பழைய_இடாப்பு:
ஆளிருக்கும் கட்டடத்துக்கு முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்று முத்திரைத் தீர்வை கட்டுகிறவர் முகத்தைச் சுளிப்பார்தான், விலையில் குறைத்துக் கேட்பார், அது அவர்கள் இரண்டு பேரின் பாடு. நொத்தாரிசுக்குத் தமிழில் எழுத அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாரும், மொழிக்கும் பிரதேசத்துக்கும் தனித்தனியே கொடுப்பார்கள். மச்சான்காரரைத் தெரிந்த இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போம், நொத்தாரிசுக்கு அவரைத் தெரியாவிட்டால் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்கவேண்டும். கொடுத்த ஆறு இலட்சத்தைப் புதிய உறுதியிலும் எழுதச் சொல்லும்.

திருநெல்வேலிச்சந்தி:
வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கிறோம் ஐயா. மச்சான்காரரும் இப்போது போன் எடுக்கிறார்.