பழைய டிஃபால்ட் போய்விட்டது, உடனே கார்டுக்கு விண்ணப்பிக்கலாமா? (பிரிட்டன்)

படிக்க வந்த காலத்தில் கட்டாமல் விட்ட மொபைல் ஒப்பந்தத்தின் டிஃபால்ட் (பணம் கட்டத் தவறியதற்கான பதிவு) ஆறு வருடம் முடிந்து கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து (நம் கடன் வரலாற்று அறிக்கை) விழுந்துவிட்டது, இனி கிரெடிட் கார்டு, கார் லோன் எல்லாம் போடலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் அடிக்கடி காதில் விழும் கேள்விதான் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போடலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். டிஃபால்ட் போனதும் ஸ்கோர் ஏறுவதைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். கடன் கொடுப்பவர்கள் அந்த ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் விவரங்களை எடுத்து அவரவர் கணக்கில் மதிப்பெண் போடுகிறார்கள். ஆறு வருடமாக எந்தக் கடனும் எடுக்காமல் இருந்திருந்தால் உங்கள் ரிப்போர்ட் இப்போது கிட்டத்தட்ட காலி. நேற்று ஹீத்ரோவில் இறங்கியவருடையதும் அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் ஒரே மாதத்தில் நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டால், நாலு ஹார்ட் சர்ச் (கடன் விண்ணப்பத்துக்காக ரிப்போர்ட்டைப் பார்த்ததன் பதிவு) வரிசையாக நிற்கும். பார்ப்பவருக்கு ‘இந்த ஆளுக்குப் பணமுடை’ என்றுதான் தோன்றும். அவை குறைந்தது 12 மாதமாவது அங்கேயே இருக்கும்.

முதல் வேலை, இந்த ரிப்போர்ட்டுகளை வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சட்டப்படி மூன்றுமே இலவசமாகத் தர வேண்டும், மாதச் சந்தா கட்டத் தேவையில்லை. ஒன்றில் டிஃபால்ட் போய் இன்னொன்றில் அப்படியே உட்கார்ந்திருப்பது உண்டு. கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்றிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். விற்றாலும் டிஃபால்ட் தேதி பழைய தேதியாகவேதான் இருக்க வேண்டும். கடனை விலைக்கு வாங்கிய நிறுவனம் புதுத் தேதி போட்டிருந்தால் அது தவறு. அந்த ரிப்போர்ட் நிறுவனத்திடமே ஆட்சேபம் எழுப்புங்கள், 28 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், நம் ஆட்களுக்கே உரிய ஒரு தொல்லை, பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் இடத்தில் இருக்கும், வங்கியில் வெறும் இனிஷியல் இருக்கும், கேஸ் பில்லில் ஃபோனில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் இருக்கும். இந்த நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி இவற்றை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. கார்த்திக் என்ற பெயரில் ஒரு எச் கூடக்குறைய இருந்தாலோ, ஓரிடத்தில் ‘ஃபிளாட் 2, எண் 14’ என்றும் இன்னோரிடத்தில் ‘14பி’ என்றும் இருந்தாலோ, ஒழுங்காகக் கட்டிய கணக்குகூட உங்கள் பெயரில் சேராமல் போகலாம். வங்கி, மொபைல், கவுன்சில் டாக்ஸ் மூன்றிலும் ஒரே பெயர், ஒரே முகவரி வரும்படி மாற்றுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் கிடைக்கும் பலன் பெரிது.

வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால், இங்கே தங்க அனுமதி இருந்தால் போதும், குடியுரிமை தேவையில்லை. இது தெரியாமலே பலர் பத்து வருடம் ஓட்டிவிடுகிறார்கள். விலாசத்தை உறுதி செய்யக் கடன் கொடுப்பவர்கள் முதலில் தேடுவதே இந்தப் பட்டியலைத்தான்.

கடனை முழுதாகக் கட்டி முடிக்காதவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ரிப்போர்ட்டிலிருந்து போனதால் கடன் போய்விடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சாதாரணக் கடன் என்றால், கடைசியாகப் பணம் கட்டியது அல்லது எழுத்தில் ஒப்புக்கொண்டது முதல் ஆறு வருடம்வரை நீதிமன்றம் போகக் கடன் கொடுத்தவர்களுக்கு வழி உண்டு. ஸ்காட்லாந்தில் ஐந்து வருடம். நடுவில் ஐந்து பவுண்டு அனுப்பியிருந்தால்கூட அந்தக் கெடு புதிதாக ஆரம்பிக்கும். டிஃபால்ட்டின் ஆறு வருடமோ மாறாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீடு மாறியவர்களுக்கு நீதிமன்றக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், தெரியாமலே சிசிஜே (கடனைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பு) விழுந்துவிடுவது சகஜம். விழுந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து இன்னொரு ஆறு வருடம் அது ரிப்போர்ட்டில் இருக்கும். இந்தச் சந்தேகம் இருந்தால் கடன் ஆலோசனை தரும் ஸ்டெப்சேஞ்ச் அல்லது நேஷனல் டெப்ட்லைனிடம் கேளுங்கள், இலவசம். ‘ரிப்போர்ட்டைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று காசு கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

இதெல்லாம் சரி என்றால், ஒரே ஒரு கார்டு. விண்ணப்பிக்கும் முன், கார்டு கிடைக்க வாய்ப்பு உண்டா என்று சொல்லும் எலிஜிபிலிட்டி செக்கர் போட்டுப் பாருங்கள். அது சாஃப்ட் சர்ச், உங்கள் கண்ணில் படும், மற்ற கடன் நிறுவனங்கள் கண்ணில் படாது. கிடைப்பது அநேகமாகக் கிரெடிட் பில்டர் கார்டாக இருக்கும்: லிமிட் சில நூறு பவுண்டு, வட்டி 30 சதவீதத்துக்கு மேல். வட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் அதைக் கட்டப் போவதில்லை. மாதம் ஒருமுறை அதில் பெட்ரோல் போடுங்கள், மொத்தத் தொகைக்கும் டைரக்ட் டெபிட் (வங்கியிலிருந்து தானாகவே பணம் போகும் ஏற்பாடு) வையுங்கள். குறைந்தபட்சத் தொகை என்ற பெட்டியைத் தவறிக்கூட டிக் செய்யாதீர்கள். ஏடிஎம்மில் அந்தக் கார்டைச் செருகவும் வேண்டாம், பணம் எடுத்தது தனியாகப் பதிவாகும்.

பழைய கடன் எந்த நிறுவனத்தில் இருந்ததோ அங்கேயே, அதே குழுமத்தின் இன்னொரு பெயரிலும், விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது. ரிப்போர்ட்டில் இல்லாவிட்டாலும் அவர்களுடைய சொந்தப் பதிவில் இருக்கலாம். எப்போதாவது டிஃபால்ட் ஆனதுண்டா என்று படிவத்தில் நேராகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொல்லி மாட்டினால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பின் பதிவில் மோசடிக் குறி விழலாம். டிஃபால்ட்டைவிட அது பல மடங்கு தலைவலி.

வீட்டில் கூட இருக்கும் நண்பரின் கடன் உங்களைப் பாதிக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒரே முகவரி என்பதால் பாதிக்காது. ஜாயின்ட் அக்கவுன்ட், ஜாயின்ட் லோன் போன்றவை இருந்தால்தான் இரண்டு பேரும் இணைக்கப்படுவீர்கள். அதை மூடிவிட்டால், தொடர்பைத் துண்டிக்கும்படி மூன்று நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். சீட்டு ஒழுங்காகக் கட்டுகிறேனே என்றால், அது நல்ல பழக்கம், ஆனால் இந்த ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை.

வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் கார் லோனைத் தள்ளிப் போடுங்கள், விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே புதுக் கடன் எதுவும் வேண்டாம்.

தம்பி, அந்த மொபைல் பாக்கிக்குக் கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள், அதை யாருக்காவது விற்றதாகக் கடிதம் வந்ததா? அதைச் சொன்னால் அடுத்து என்ன என்று பார்க்கலாம்.