அப்பச்சி ரிப்போர்ட்டில் 'ஸ்ட்ரோமா': வெறும் கலவையா, தூபம் போடுகிற ஆளா?

பள்ளத்தூரான்
எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 74 வயது. ராத்திரி நாலு தடவை எழுந்து முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடக்கிறார். நம் செட்டிநாட்டு வீடுகளின் நீளம் உங்களுக்கே தெரியும். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதம் கூடியிருந்ததால், மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் அந்தப் புராஸ்டேட் சுரப்பியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் கேன்சர் இல்லை, சாதாரண வீக்கம்தான் என்று எழுதிவிட்டு 'ஃபைப்ரோமஸ்குலர் ஸ்ட்ரோமா' என்று ஒரு வரி. டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடு என இரண்டு மாத்திரை. ஸ்ட்ரோமா பயப்பட வேண்டிய விஷயமா?

ஓய்வு வாத்தியார்
ஒன்றுமில்லை தம்பி. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். புராஸ்டேட் என்றால் சுரப்பிக் குழாய்கள். அவற்றுக்கு நடுவே கிடக்கும் தசை, நார், ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்ட்ரோமா. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியில் போடும் கலவை மாதிரி. பார்க்க வேண்டியது கல்லைத்தான். பி.எஸ்.ஏ. சுரப்பது சுரப்பிச் செல், கேன்சர் கிளம்புவதும் பெரும்பாலும் அங்கேதான். புராஸ்டேட் கேன்சரின் தீவிரத்தைச் சொல்ல 1966-ல் வந்த கிளீசன் தரவரிசை சுரப்பிகளின் அமைப்பை மட்டும்தானே பார்க்கிறது?

பாரஃபின்
வாத்தியார் ஐயா, கலவை சரியில்லாத தரையில் கல் எப்படித் தூக்கிக்கொள்ளும் என்று எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள். நான் லேபில், எடுத்த சதையைப் பதித்த மெழுகுக் கட்டியைச் சீவிச் சாயம் ஏற்றுகிறவன். வழக்கமான சாயத்தில் தசையும் நாரும் ஒரே ரோஸ் நிறம், அதனால்தான் எல்லாம் ஒரே சரக்காகத் தெரிகிறது. மேசன் டிரைக்ரோம் என்ற சாயம் போட்டால் தசை சிவப்பு, கொலாஜன் நார் நீலம். நல்ல புராஸ்டேட்டில் சிவப்புத் தசைக் கட்டுகள் சுரப்பியைச் சுற்றி நெருக்கமாக ஓடும், இடையிடையே நாரை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். அவற்றிலும் குழாயை ஒட்டி உட்கார்ந்திருப்பவை வேறு ரகம், தசைகளுக்கு நடுவே இருப்பவை வேறு ரகம் என்று செல் செல்லாகப் பிரித்துப் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

தம்பி, அப்பச்சியின் இரண்டு மாத்திரையும் போய்ச் சேருவது இந்தக் 'கலவை'க்குத்தான். டாம்சுலோசின் அந்தத் தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். டூட்டாஸ்டெரைடு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, புராஸ்டேட்டை வளர்க்கும் டி.எச்.டி.யாக மாற்றும் நொதியை அடைக்கிறது. புராஸ்டேட்டில் அந்த நொதியின் முக்கிய வகை பெரும்பாலும் ஸ்ட்ரோமா செல்களில்தான். பலன் தெரிய மாதக்கணக்கு ஆகும், பொறுக்க வேண்டும். நல்ல புராஸ்டேட்டில் ஸ்ட்ரோமாவும் சுரப்பிச் செல்லும் 2-க்கு 1, வீக்கத்தில் 5-க்கு 1 என்று பழைய அளவீடே இருக்கிறது. ஆக, பெருத்தது எது?

ஓய்வு வாத்தியார்
சரி, வீக்கத்தில் ஒத்துக்கொள்கிறேன். கேன்சரில்? வீடு பற்றி எரிந்தால் தெருவே கூடும். கூடினவர்கள் கொளுத்தினவர்கள் ஆகிவிடுவார்களா?

பாரஃபின்
1999-ல் அமெரிக்காவில் ஒலுமி, குன்ஹா குழுவினர் இதைத்தான் பார்த்தார்கள். புராஸ்டேட் கேன்சர் கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டை, கட்டி உண்டாக்காத மனிதச் சுரப்பிச் செல்லோடு கலந்து எலிக்குள் வைத்தார்கள். கட்டி வளர்ந்தது. அதே செல்லோடு நல்ல ஃபைப்ரோபிளாஸ்டைச் சேர்த்தபோது அப்படி வளரவில்லை.

ஓய்வு வாத்தியார்
அந்தக் கட்டுரையை நானும் படித்தவன்தான், பாதியில் நிறுத்தாதீர்கள். அவர்கள் எடுத்த சுரப்பிச் செல் வைரஸ் மரபணு புகுத்திச் சாகாமல் ஆக்கப்பட்டது, அதாவது ஏற்கெனவே கெட்டது. நல்ல சுரப்பிச் செல்லோடு அதே கேன்சர் ஃபைப்ரோபிளாஸ்டை வைத்தபோது கட்டி வரவில்லையே!

பாரஃபின்
வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கொளுத்தினது ஸ்ட்ரோமா என்று நானும் சொல்லவில்லை, தூபம் போட்டது என்கிறேன். கேன்சர் ஸ்லைடில் அந்தச் சிவப்புத் தசை குறைந்து நீலம் பரவும். காயம் ஆறும்போது வருகிற மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வந்து நிற்கும். டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதம் அவற்றை அப்படி மாற்றுகிறது. ஆறாத புண் என்றே சொல்லலாம். இந்த மாறிய ஸ்ட்ரோமா கட்டிக்குள் நிறைய இருந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. சீக்கிரம் திரும்ப ஏறியதையும் கவனித்திருக்கிறார்கள்.

ஓய்வு வாத்தியார்
அப்படியானால் அதையும் ரிப்போர்ட்டில் தரம் போட்டு எழுதுகிறார்களா? இல்லையே. எழுதுகிற அன்றைக்குக் கல்லை விட்டுக் கலவையைப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் தம்பிக்கு: வீக்கம் கேன்சராக மாறுவதில்லை. வீக்கம் சிறுநீர்க்குழாயைச் சுற்றிய பகுதியில் வருவது, கேன்சர் பெரும்பாலும் வெளிப்பகுதியில்.

தேவகோட்டை ஆச்சி
நீங்க ரெண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தூரான் தம்பி, டூட்டாஸ்டெரைடு ஆறு மாதம் போட்டால் பி.எஸ்.ஏ. பாதியாகக் காட்டும். அடுத்த டெஸ்டுக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டையும் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் குறைந்துவிட்டது என்று சும்மா சந்தோஷப்படுவீர்கள். எங்க வீட்டு ஐயாவுக்கு அப்படித்தான் ஆனது. டாம்சுலோசின் தொடங்கின புதிதில் ராத்திரி சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். அப்புறம், கண்புரை ஆபரேஷன் ஏதும் இருக்கிறதா? டாம்சுலோசின் போடுகிறவருக்கு ஆபரேஷன் நடுவில் கண்மணி சுருங்கிக்கொள்ளும், கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பள்ளத்தூரான்
ஆச்சி, வலது கண்ணுக்கு வருகிற வெள்ளிக்கிழமைதான்! மாத்திரை விஷயத்தை யாரும் கேட்கவே இல்லை. இப்போதே போன் போடுகிறேன்.