புதுப்பிப்பு: குளிரில் ட்ரெய்லர் சக்கரம் சுழலாத பிரச்சினை தீர்ந்தது

வடக்கு ஒன்டாரியோவில், நெடுஞ்சாலை 17-இல் வாவா பக்கம் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்தால், ட்ரெய்லர் சக்கரம் சுழலாமல் பனியில் இழுபடுகிறது, பிரேக்கை இயக்கும் ஏர் பிரஷர் (காற்றழுத்தம்) சரியாகத்தான் இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏர் லைன் (பிரேக்குக்குக் காற்று போகும் குழாய்) உறையவில்லை. பிரேக்கை விட்டதும் புஷ்ராடு (பிரேக்கை இயக்கும் தண்டு) ஒழுங்காக உள்ளே போனது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு, அதை அழுத்தி நிறுத்தும் ஷூ மட்டும் ஒட்டி உறைந்திருந்தது. அதனால் உறைந்ததை இளக்க லைனில் ஆல்கஹால் ஊற்றும் யோசனைக்கு வேலையே இல்லை. அது ரப்பர் சீல்களையும் கெடுக்கும் என்று மெக்கானிக் சொன்னார்.

கைகொடுத்தது, பதில் சொன்னவர்களில் சட்பரி ஊர் அண்ணன் சொன்ன வழி. டிராக்டர் (ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி) சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிராக்டரின் பார்க்கிங் பிரேக்குக்கான மஞ்சள் குமிழை வெளியே இழுத்தபடியே விட்டு, ட்ரெய்லருக்குக் காற்று அனுப்பும் சிவப்புக் குமிழை மட்டும் உள்ளே தள்ளினேன். ட்ரெய்லர் பிரேக் விடுபட்டதும் சுத்தியலால் டிரம்மைச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். ஓங்கி அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். 'டொக்' என்று ஒரு சத்தம், பனித்தூள் கொட்டியது, சக்கரம் சுழன்றது.

இப்போதெல்லாம் நிறுத்துவதற்கு முன், பின்னால் வண்டி வராத இடத்தில் பிரேக்கை லேசாக மிதித்து ஈரத்தைக் காயவிடுகிறேன். திரும்ப ஒட்டவில்லை.

எதிர்பாராதது ஒன்று: இழுபட்ட டயரில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. சரி, புது டயர் போட்டாயிற்று. அப்புறம் ஏர் டேங்கைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜையும் மாற்றினேன்.