இத்தாலிக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் தேட வேண்டியது 'டி' போர்டு

வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்பது அரிசி எங்கே, மிளகாய்த்தூள் எங்கே என்றுதான். அதெல்லாம் கிடைக்கும். சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகரம் பக்கம் போகிறவர்களுக்குக் கவலையே இல்லை, 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் முதலில் எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். படிக்க நீண்டகால விசாவில் வந்திருந்தால் 8 வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ டி சொஜோர்னோவுக்கு, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டைக்கு, விண்ணப்பித்துவிட வேண்டும். படிவம் இருக்கும் உறையைத் தபால் நிலையத்திலேயே தருவார்கள்; நிரப்பிய பிறகு ஒட்டாமல் திறந்தபடி கொண்டுபோங்கள், உள்ளே இருப்பதைச் சரிபார்த்துத்தான் வாங்குவார்கள்.

நான் மாட்டியது வேறு இடத்தில். முக்கால் மணி நேரம் காத்திருந்து கவுன்டருக்குப் போனால், 16 யூரோ மார்க்கா தா போல்லோ எங்கே என்றார் அந்த அம்மா. நம் ஊர் ரெவின்யூ ஸ்டாம்ப் மாதிரி ஒன்று. அது வாங்க புகையிலைக் கடைக்குப் போக வேண்டுமாம்! கருப்பு அல்லது நீலப் பலகையில் வெள்ளையில் 'டி' (T) என்ற எழுத்து போட்டிருக்கும், அதுதான் தபாக்கி. பீடி சிகரெட் பக்கமே போகாதவர்கள்கூட அங்கே போயே ஆக வேண்டும்: ஸ்டாம்ப், பஸ் டிக்கெட், போன் ரீசார்ஜ் எல்லாம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்காது, சனிக்கிழமையே இரண்டு மூன்று பஸ் டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது. காகித டிக்கெட்டைப் பஸ்ஸில் ஏறியதும் அங்குள்ள மெஷினில் குத்த வேண்டும், உள்ளூர் ரயிலென்றால் ஏறுவதற்கு முன்பே ஸ்டேஷனில் குத்த வேண்டும். மறந்தால் அபராதம்தான், ஊருக்குப் புதிது என்ற பேச்செல்லாம் எடுபடாது.

காபி கேட்டால் இரண்டு வாய் அளவில் கசப்பாக ஒன்று வரும். 'லாத்தே' என்று கேட்டீர்களானால் வெறும் பால்தான். கவுன்டரில் நின்று குடியுங்கள், உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும். நுரைத்த பால் சேர்த்த கப்புச்சினோ இங்கே காலையில் குடிப்பது; மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்க்கட்டும், நான் இன்னமும் கேட்கிறேன்.

அப்புறம், டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் பலசமயம் டோக்கனும் கிடையாது, வரிசையும் கிடையாது. உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு 'புவோன்ஜோர்னோ' (வணக்கம்) சொல்லிவிட்டு, 'கி எ லுல்திமோ?', அதாவது கடைசியாக வந்தது யார் என்று கேளுங்கள். ஒருவர் கையைத் தூக்குவார். அவர் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அடுத்து நீங்கள்.