கண்ணு தெரியாத டிஸ்கஸ் மீனுக்குத் தீனி: உங்க அனுபவம்?

காவேரிப்பட்டணம்:
என் தொட்டியில ரெட் டர்காய்ஸ் ரக டிஸ்கஸ் ஒண்ணுக்கு ரெண்டு கண்ணும் பால் மாதிரி ஆயிடுச்சு. மருந்து, உப்பு எல்லாம் பாத்தாச்சு, அதை விடுங்க. எனக்கு உறுத்துறது வேற. உறைஞ்ச பிளட்வார்ம் புழுவைக் கரைச்சு விட்டா மத்ததெல்லாம் பாஞ்சு வருது. தண்ணி அசையுறதை வச்சு இதுவும் வந்துடுது. வந்து, புழுவுக்கு ஒரு விரக்கடை தள்ளி வெறும் தண்ணியை லபக்குனு கவ்வுது. வாயை மூடி மென்னு பாக்குது. ஒண்ணும் இல்லேன்னதும் மணல்ல தண்ணியைப் பீச்சுது, மறுபடி கவ்வுது, மறுபடி வெறும் தண்ணி. அதுக்குள்ள கோரி மீனுங்க கீழ கிடந்ததைத் துடைச்சுட்டுப் போயிருக்கும். எங்கம்மா நின்னு பாத்துட்டு, "சோறு எங்க இருக்குன்னு கையைப் பிடிச்சுக் காட்ட மாட்டியாடா?"ன்னாங்க. மீனுக்கு ஏதும்மா கைன்னு சிரிச்சுட்டேன். அந்த வெறும் வாய் மட்டும் கண்ணை விட்டுப் போகல. இப்ப ஊசி இல்லாத சிரிஞ்சுல ஏர் டியூபைச் சொருகி மூஞ்சிக்கு நேரா விடுறேன். டியூபைக் கடிக்குது, புழுவை விட்டுடுது.

தருமபுரி:
என்கிட்டயும் ஒண்ணு இப்படித்தான் இருந்தது, தண்ணி மாத்தி மாத்தியே தெளிஞ்சுடுச்சு. என் கதை அவ்வளவுதான். ஆனா கண்ணு போச்சுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. மேல படலம் மாதிரி இருந்தா அடிபட்டதோ தண்ணிக் கோளாறோ, சரியாக வாய்ப்பு உண்டு. உள்ள லென்ஸே வெளுத்திருந்தா அது திரும்பாது. நம்ம ரெண்டு மாவட்டத்து போர் தண்ணி எப்படின்னு சொல்ல வேண்டியதில்லை, ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல தொடங்கி வச்சாங்க. ஃபுளோரைடுதான் மீன் கண்ணைக் கெடுத்ததுன்னு நான் சொல்ல வரல. விஷயம் பிஹெச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு. டிஸ்கஸ் அமேசான் மீன், மென்மையான, லேசான அமிலத் தண்ணியில இருந்தது. நாம 29 டிகிரி சூடு வைக்கிறோம். பிஹெச்சும் சூடும் ஏற ஏற, தண்ணியில இருக்கிற அதே அம்மோனியாவுல விஷமான பங்கு கூடும். போர் தண்ணியில ஆர்ஓ தண்ணி கலந்து விடுங்க. ஒகேனக்கல் தண்ணின்னா குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் போடாம ஊத்தாதீங்க. டெஸ்ட் கிட் வாங்குங்க. மணலை எடுத்துட்டு வெறும் கண்ணாடித் தரையா விடுங்க, மிச்சத் தீனியை உறிஞ்சி எடுக்க வசதி. மாட்டு இதயத்தை அரைச்ச தீனி மிக்ஸ் போடுறவங்க அன்னைக்கே தண்ணி மாத்தணும்.

ஓசூர்:
தருமபுரி அண்ணா, அவர் தண்ணியைப் பத்திக் கேக்கவே இல்லையே. மருந்தெல்லாம் பாத்தாச்சுன்னு ரெண்டாவது வரியிலயே இருக்கு. மீன் பசியில நிக்குது, நீங்க டெஸ்ட் கிட் வாங்கச் சொல்றீங்க.
எங்க வீட்டுல ஒண்ணுக்கு இடது கண்ணு இல்லை. ராத்திரியில பிளெக்கோ, அதான் வாயால ஒட்டிக்கிற மீன், உடம்புல ஒட்டி வழவழப்பைச் சுரண்டிச்சு, அந்தப் பக்கமே கெட்டுப்போச்சு. டிஸ்கஸோட பிளெக்கோ வேண்டாம்னு எல்லாருக்கும் தெரியும், அந்தத் தொட்டி எனக்கு அப்படியே கைமாறி வந்தது. இடது பக்கம் புழு விழுந்தா அசையாது. ஒரு நாள் புழு அதோட இடது செவுள் மேலயே உரசி இறங்கிச்சு. டக்குனு நின்னுச்சு, முழு வட்டம் சுத்தி வந்து வலது கண்ணால தேடுச்சு. அதுக்குள்ள புழு தரையில. அது பாத்துட்டே இருந்தது, குனியல. அப்புறம் என் பொண்ணுதான் தினமும் தொட்டி ஸ்டாண்டை ஸ்பூனால மூணு தட்டு தட்டி, வலது மூலையில இருக்கிற மண் தட்டுலயே போட்டுப் பழக்கினா. ஃபில்டரை நிறுத்திட்டுப் போடுங்க, தீனி இருந்த இடத்துலயே இருக்கும்.

பென்னாகரம்:
தட்டினா மத்த மீனும்தானே ஓடி வரும்? என் கேள்வி அவ்வளவுதான்.
நான் குருட்டு மீனைத் தனித் தொட்டியில போட்டேன், போட்டி இருக்காதுன்னு. கருத்துப் போய் மூலையில சாஞ்சு நின்னுச்சு, வாயே திறக்கல. கூட்டத்துல வாழுற மீன். திரும்பக் கொண்டுவந்து விட்டதும் பெரிய நீல மீன் பக்கத்துல போய் உடம்போட உடம்பு ஒட்டிக்கிச்சு. நீலத்து வாயில இருந்து தொங்கின புழுவோட மறுமுனையை இது பிடிச்சு இழுத்துச்சு. நீலம் விட்டுக் கொடுத்துச்சான்னு கேக்காதீங்க, கொத்தி விரட்டிச்சு. ஆனா பாதிப் புழு இதோட வாயில.

காவேரிப்பட்டணம்:
தருமபுரி அண்ணா, டார்ச் அடிச்சுப் பாத்தேன், உள்ளதான் வெளுப்பு. ஓசூர்க்காரர் சொன்ன மாதிரி தட்டுனா வருது. பென்னாகரம் சொன்னதும் நெசம், எல்லாம் சேந்து வருது. அதனால மத்ததுக்கு அந்தக் கோடியில முதல்ல போட்டுட்டு, இங்க தட்டுறேன். சிரிஞ்சை மூஞ்சிக்கு நேரா நீட்டாம, உதட்டு மேல லேசாத் தொட்டுட்டு அப்புறம் தள்ளினா வாயைத் திறக்குது. பத்துல நாலு உள்ள போகுது.
அடுத்த வாரம் திருப்பத்தூர்ல கல்யாணம், ரெண்டு நாள் போகணும். எங்க வீட்டம்மாவுக்குப் புழுவைப் பாத்தாலே குமட்டும். அம்மாதான் சிரிஞ்சைக் கேக்குறாங்க, ஆனா அவங்க கை நடுங்கும்.

ஓசூர்:
மத்த மீனெல்லாம் ரெண்டு நாள் தாங்கும். இது ஏற்கெனவே இளைச்சிருக்கு, பட்டினி போடாதீங்க. சிரிஞ்சை அம்மாகிட்டயே கொடுங்க. கை நடுங்கினா தண்ணி அசையும், அதுக்கு அதுதானே வேணும்?

தருமபுரி:
போகும்போது கோரியை மட்டும் வேற தொட்டிக்கு மாத்திடுங்க. தண்ணியைப் பத்தி நான் வாயே திறக்கல.