கோயில் பெண்கள் சேர்ந்து செய்யும் மிளகாய்த்தூள், மா வியாபாரம்: என்ன பெயர், எந்தப் பதிவு?

கோண்டாவில் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயில் மடப்பள்ளியில் வெள்ளிக்கிழமைகளில் உதவிக்கு நிற்கும் பெண்கள் 14 பேர் சேர்ந்து மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) செய்து விற்கிறோம். அன்னதானத்துக்கு வறுத்து அரைத்த தூளில் மிஞ்சியதை அயலில் கொடுக்கப்போய்த்தான் இது தொடங்கியது. வருகிற காசில் ஒரு பங்கு பின்னேர வகுப்புப் பிள்ளைகளுக்கு, மற்றது வேலை செய்கிறவர்களுக்கு. எங்களில் பாதிப் பேருக்குக் கணவர் இல்லை. அவர்களுக்கு இது கைச்செலவுக் காசு அல்ல, அடுப்பெரிகிற காசு.

இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு அண்ணை அரைக்கிற மெஷினுக்குக் காசு தருகிறேன் என்கிறார். ஆனால் தனியாள் கணக்கில் போட மாட்டாராம். வங்கியில் கேட்டால் பதிவுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். பதியப் போனால் பெயர் என்ன, என்ன வகை என்று கேட்பார்கள். அங்கேதான் நிற்கிறோம்.

மூத்தவர்கள் அம்பாள் பெயரும் படமும் போடவேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தூள் முடிந்ததும் பக்கற்று வீதியில் கிடக்கும், வாய்க்காலில் போகும். அதில் அம்பாள் படமா? அதைவிட, எங்களுக்குள் பதம் பார்த்து வறுக்கிறதில் கெட்டிக்காரி பக்கத்துத் தேவாலயப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்க அக்கா ஒருவர். இளையவர்கள் ‘பிடியரிசி’ என்று ஒரு பெயர் சொன்னார்கள். சமைக்கமுன் ஒரு பிடி அரிசியைத் தர்மத்துக்கு எடுத்துவைத்த வீடுகள்தானே எங்களுடையவை. எனக்குப் பிடித்தது. “தூள் விற்கிற உங்களுக்கு அரிசியில் என்னடி பெயர்” என்று ஒரு மாமி சிரித்துவிட்டார்.

கோயில் தலைவர், கோயிலை நிர்வகிக்கும் பரிபாலன சபைக்குக் கீழேயே நடத்தலாம் என்கிறார். என் தம்பி கம்பனியாகப் பதி என்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொத்தாரிசு கந்தோர்க்காரன்:

ரீச்சர், கோயிலுக்குக் கீழே மட்டும் போகாதேங்கோ. தலைவர் நல்லவராகவே இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் கோயில் வழக்குகளுக்குப் பஞ்சமா? நாளைக்கு நிர்வாகத்தில் பிணக்கு வந்து கோயில் கணக்கை முடக்கினால் உங்கள் மிளகாய்க் காசும் அதற்குள்தான் கிடக்கும். அன்னதானத்துக்குத் தூள் கொடுப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. கணக்கு மட்டும் வேறாக இருக்கவேண்டும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவது சுகம்தான். ஆனால் பலர் சேர்ந்து பதிந்தால் அது பங்குடைமை. 20 பேருக்கு மேல் சேர முடியாது. கடன் வந்தால் ஒவ்வொருவரின் வீடும் வளவும் பொறுப்பு. இந்தப் பெண்களின் தலையில் அதைக் கட்டுவது பாவம்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று பிரைவேட் லிமிட்டெட். 50 பங்காளர் வரை சேரலாம், லாபத்தைப் பங்குக்கு ஏற்பப் பிரிக்கலாம். மற்றது உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. அதில் பங்கு என்றே ஒன்றில்லை, லாபம் உறுப்பினர் கைக்குப் போகாது, கூலி கொடுக்கலாம். தர்ம காரியத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கணக்காய்வு, ஆண்டறிக்கை என்று வருடாவருடம் செலவு இருக்கிறது. பெயர் வேறு யாரிடமும் இருக்கிறதா என்று கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ‘தேசிய’, ‘கூட்டுறவு’ போன்ற சொற்களை அனுமதியில்லாமல் போட விடமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்:

பிள்ளை, நொத்தாரிசு கந்தோர்த் தம்பி சொன்னதில் சட்டம் சரி. ஆனால் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டார். இந்தத் தொழில் யாருடையது? உத்தரவாதக் கம்பனியில் இந்தப் பெண்கள் கூலிக்காரர், இயக்குநர் சபைதான் எல்லாம். அந்தச் சபையில் யார் யார் வந்து குந்துவார்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. காசு கொடுத்தவரும் கோயில் தலைவரும்தான்.

கூட்டுறவுச் சங்கமாகப் பதியுங்கள். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி 18 வயது நிரம்பிய 10 பேர் போதும், நீங்கள் 14 பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. கனடா அண்ணை எத்தனை மெஷின் தந்தாலும் அவருக்கு வாக்கு இல்லை. பிள்ளைகளின் வகுப்புக்கு எவ்வளவு போகலாம் என்பதைச் சங்கத்துக்கென எழுதும் துணைவிதியில் எழுதுங்கள். இது எங்களுக்குப் புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்து மூளாயில் ஒரு ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்திய ஆட்கள் நாங்கள்.

பதிவு சுணங்கும், அதை மறைக்கவில்லை. கூட்டக் குறிப்புப் புத்தகத்தை இன்றைக்கே தொடங்குங்கள். யார் வந்தார்கள், என்ன முடிவு, எல்லோர் கையெழுத்தும். கூட்டுறவு உத்தியோகத்தர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

பெயருக்கு ஏன் சண்டை? பதிவுப் பெயரில் ஊர், தொழில், கூட்டுறவுச் சங்கம், வரையறுக்கப்பட்டது எல்லாம் வந்து ரயில் பெட்டிபோல நீளும். அது முத்திரைக்கும் வங்கிக்கும். பக்கற்றில் ‘பிடியரிசி’ என்றே போடுங்கள். அதை வேறு யாரும் எடுக்காமல் இருக்க, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வியாபாரக் குறியாகத் தனியே பதியவேண்டும். தூளும் மாவும் 30 ஆம் வகுப்பு. 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

குருநகர் அன்ரி:

நாங்கள் பங்குப் பெண்கள் சேர்ந்து தையல் செய்கிறோம். மாதாவின் பெயரை முன்னுக்குப் போடவில்லை, உள்ளே தைக்கிற துணித்துண்டில் ஒரு சின்னச் சிலுவை, அவ்வளவுதான். உறுப்பினராகச் சேரும் விதியில் மட்டும் மதத்தை எழுதாதேங்கோ. அந்த வறுக்கிற அக்கா ஒருநாளும் வாய் திறந்து கேட்க மாட்டா. ஆனால் வாசிப்பா. இன்னொன்று, கொழும்புக் கடைக்கு அனுப்புவதானால் அந்தப் பெயரைச் சிங்களத்தில் எழுதி யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கோண்டாவில் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கூட்டுறவுதான் என்று நேற்று இரவு பேசி முடித்தோம். வகுப்புக்கு எவ்வளவு என்பதில்தான் இன்னும் இழுபறி. படத்துக்குப் பதிலாகப் பக்கற்றின் பின்பக்கம் ஒரு விளக்குப் போட மூத்தவர்கள் சம்மதித்தார்கள். விளக்கு எல்லாக் கோயிலிலும் எரியும்தானே என்றார் அந்த மாமி. ஐயா, பதிவு வரமுன் மெஷின் வந்துவிட்டால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பரிசோதகர்:

வரவிடாதேங்கோ. வந்தே தீரும் என்றால், சங்கம் பதியப்பட்டதும் அதற்குச் சொந்தம் என்று அண்ணையிடம் கடிதம் வாங்கி வையுங்கள். பதிவு வந்தவுடன் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மெஷின் வரமுன் பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிட்டு அரைக்கிற கொட்டிலைக் காட்டுங்கள். நிலத்துக்குச் சீமெந்து போடச் சொன்னால் மெஷினை இறக்கிய பிறகு போடுவது பெரிய கரைச்சல்.